கத்தல் வரிகள்: தங்கச்சிமடத்து டப்பிங் நாட்குறிப்பு

ஜூன் 14, 2025, சனி

இன்று நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. 61 நாள் கட்டிக் கிடந்த விசைப்படகுகளுக்கு ஐஸும் டீசலும் ஏறுகின்றன. தெரு முழுக்க வண்டிச் சத்தம். எனக்கும் இன்றுதான் வேலை வந்தது. ஒரு வீடியோ கேமின் தமிழ்ப் பதிப்பு. கதாநாயகன் பன்னிரண்டு வயதுப் பையன், அவனுக்கு நான் குரல். கார்ட்டூனில் பையன்களாகப் பேசியே இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. கேமில் முழு வேஷம் கிடைப்பது இதுதான் முதல் தடவை. சாயங்காலம் வரை சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

பையனுக்கு ஏன் பெண் பேச வேண்டும் என்று அண்ணி கேட்டார். நிஜப் பையனைப் போட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் குரல் உடைந்துவிடும்; தொடர் நடுவில் ஆளை மாற்ற வேண்டும். ஜப்பானில் மசாகோ நோசாவா 1986ல் 'டிராகன் பால்' கார்ட்டூனில் கோகு என்ற சிறுவனுக்குப் பேச ஆரம்பித்தார். அந்தக் கோகு வளர்ந்து, கல்யாணம் முடித்து, பிள்ளைகளும் பெற்றுவிட்டான். அந்தப் பிள்ளைகளுக்கும் அவரே குரல். வயது இப்போது 88. அமெரிக்காவில் நான்சி கார்ட்ரைட் 1987லிருந்து கார்ட்டூனில் பார்ட் சிம்ப்சன் என்ற பத்து வயதுப் பையனாகப் பேசி வருகிறார். அவர்களை நினைத்தாலே எனக்குத் தெம்பு வரும்.

ஜூன் 17, செவ்வாய்

வசனத் தாள் வந்துவிட்டது. கார்ட்டூன் டப்பிங்கில் படம் கண்முன் ஓடும். வாயசைவைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். கேமில் பெரும்பாலும் படமே கிடையாது. எக்செல் கட்டத்தில் ஒரு வரி, பக்கத்தில் ஒரு குறிப்பு. "யாரு அங்க?" என்ற ஒரே வரி பயந்து ஒன்று, கோபமாக ஒன்று, கிசுகிசுப்பாக ஒன்று. விளையாடுகிற பிள்ளை எந்த வழியில் போகும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் எல்லா வழிக்கும் பேசி வைக்க வேண்டும். எதிரில் பேசுகிற ஆளும் இல்லை. அவன் என்ன சொல்லியிருப்பான், எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதையெல்லாம் மனசுக்குள் போட்டுக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும்.

கடைசித் தாள் முழுக்கக் கத்தல். சின்ன அடி, பெரிய அடி, எட்டிக் குதிப்பது, மலையிலிருந்து விழுவது, நெருப்பில் எரிவது, தண்ணீரில் மூழ்குவது. எஃபர்ட் என்பார்கள் எங்கள் தொழிலில். ஒவ்வொன்றும் நாலைந்து விதமாக வேண்டும். ஒரே பள்ளத்தில் திரும்பத் திரும்ப விழுகிற பிள்ளைக்கு அதே கத்தல் கேட்டால் சலித்துவிடும்.

சம்பளம் வசன வரிக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறார்கள். கத்தலுக்குத் தனியாக ஒன்றும் இல்லை, சேர்த்துச் செய்து கொடுங்கள் என்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த வேலையில் உடம்பை அதிகம் வாங்குவது அந்த ஒரு தாள்தான்.

ஜூன் 24, செவ்வாய்

கச்சான் காற்று பிடித்துக்கொண்டது. மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிக்கிறது, பனைமட்டை இரவெல்லாம் அடித்துக்கொள்கிறது. வீட்டில் பதிவு செய்கிற அறையின் சுவரில் மெத்தை சாத்தி, கதவில் இரண்டு கம்பளி தொங்கவிட்டும், சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக் அதையும் கேட்டுவிடுகிறது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலம் திறந்தபிறகு மறுபடியும் ஓடுகிறது. ஊருக்கு நல்லதுதான். அந்தச் சத்தம் பதிவில் விழாமலிருக்க நான் ரயில் நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

பக்கத்துத் தெருத் தங்கச்சி வந்தாள். கல்லூரி முடித்தவள், குழந்தைக் குரல் நன்றாக வருகிறது. "அக்கா, நானும் கத்திக் காட்டவா?" என்றாள். கத்தினாள். கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்தது, தோள் காது வரை ஏறியது, அப்புறம் இருமல்.

அவளை மீன் ஏலத்துக்குக் கூட்டிப்போய், அங்கே யாவாரம் பார்க்கிற பெரியம்மாவைப் பார்க்கச் சொன்னேன். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் அந்தக் கடைசியில் நிற்கிற ஐஸ்காரரைக் கூப்பிடுகிறார். கூப்பிடும் முன் தாடை தளர்ந்து கீழே இறங்குகிறது. தோள் அசையவில்லை. முந்தானைக்குக் கீழே விலா மட்டும் பக்கவாட்டில் விரிகிறது. பிறகுதான் சத்தம், அதுவும் இரண்டே அசை. ஐஸ்காரர் திரும்பிவிட்டார். "பெரியம்மா, தொண்டை வலிக்காதா?" என்று கேட்டாள். "தொண்டையில கத்துனா நான் எப்படித்தா நாளைக்கு யாவாரம் பாக்குறது?" என்றார்.

பெண்கள் சாதாரணமாகப் பேசும்போதே குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. பையனுக்காகச் சுருதியை ஏற்றினால் இன்னும் கூடும். அதன்மேல் கத்தல். வருஷக்கணக்கில் இறுக்கிப் பிடித்துக் கத்தினால் நாணில் காய்ப்பு விழும், குரல் கரகரத்துப்போகும். தண்ணீர் குடித்தால் உடனே சரியாகிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். குடிக்கிற தண்ணீர் குரல்நாணைத் தொடுவதே இல்லை, அது போகிற குழாய் வேறு. உடம்பு ஊறித்தான் நாணுக்கு ஈரம் வர வேண்டும், ஆகவே முந்தின நாளே குடிக்கத் தொடங்க வேண்டும். சாயல்குடிப் பக்கத்துப் பனங்கற்கண்டு வாய்க்கு இதம். நானும் போட்டுக்கொள்வேன், ஆனால் அதை மருந்தென்று நம்புவதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மூழ்குகிற கத்தலைப் பழகிக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் ஓடி வந்துவிட்டார், பின்னாலேயே அடுத்த வீட்டுக்காரர்கள். கடல்கரை ஊர். இங்கே அந்தச் சத்தத்தை யாரும் நடிப்பென்று நினைக்க மாட்டார்கள். எல்லோரும் போனபின் அண்ணன் உட்கார்ந்து கேட்டார்.

"இது என்ன சீனு?"

"தண்ணில முங்குறான், அண்ணே."

"முங்குறவன் எங்க கத்துவான்? மூச்சு பிடிக்கவே நேரம் பத்தாது. வாய் தண்ணிக்கு மேல வரும், ஒரு இழுப்பு, அதுக்குள்ள மறுபடி உள்ள போயிரும். சத்தமே இருக்காது. பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடத் தெரியாது."

அவர் பார்த்திருக்கிறார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. ராத்திரி முழுக்க அந்த ஒரு இழுப்பையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 12, சனி

ஒப்பந்தம் வந்தது. "இப்போதுள்ள, இனி வரப்போகும் எல்லாத் தொழில்நுட்பத்திலும், எக்காலத்துக்கும்" என் பதிவைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி. அதாவது என் குரலை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்து, நான் பேசாததையெல்லாம் என் குரலில் பேச வைக்கலாம். கையெழுத்துப் போடவில்லை.

அமெரிக்காவில் இதற்காகத்தான் கேம் நடிகர்கள் போன வருஷம் ஜூலை 26ல் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். போன மாதம்தான் வேலைக்குத் திரும்பினார்கள். இந்த வாரம் வாக்கெடுப்பில் புது ஒப்பந்தம் உறுதியாயிற்று. அதன்படி குரலை நகலெடுக்க வேண்டுமானால் சம்மதம் வாங்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்பு 2016 அக்டோபரில் தொடங்கி 11 மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொண்டையைப் பிழிகிற பதிவு இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது அப்போதைய கோரிக்கைகளில் ஒன்று. அங்கே பெரிய சங்கம் இருக்கிறது. இங்கே வீட்டிலிருந்து பதிவு செய்கிற என்னைப் போன்றவள் தனியாக மெயில்தான் போட முடியும். போட்டேன். மூன்று விஷயம் கேட்டேன்: இந்த கேமுக்கும் அதன் விளம்பரத்துக்கும் மட்டும் பதிவு, கத்தலுக்குத் தனி நாளும் தனிச் சம்பளமும், மூழ்குகிற காட்சியில் கத்தல் வேண்டாம்.

ஜூலை 23, புதன்

பதில் இல்லை. வேர்க்காட்டில் சந்தியாகப்பர் திருவிழா, ஒலிபெருக்கி இரவு வரை. பதிவு செய்யவும் வழியில்லை. வேறு ஆளைப் பிடித்திருப்பார்களோ என்று அம்மா பயப்படுகிறார். பிடித்தால் பிடிக்கட்டும். அந்த வரியோடு இந்த வேலை எனக்கு வேண்டாம்.

தங்கச்சி தினமும் வருகிறாள். சுவரில் முதுகைச் சாய்த்து, விலாவில் கை வைத்து, சத்தமில்லாமல் மூச்சை மட்டும் விடப் பழக்குகிறேன். கழுத்து இப்போது புடைப்பதில்லை.

ஆகஸ்ட் 2, சனி

பதில் வந்துவிட்டது. அந்த வரியை எடுத்துவிட்டார்கள். என் குரலை வைத்துச் செயற்கைக் குரல் செய்ய வேண்டுமென்றால் தனியாக எழுதி வாங்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். கத்தலுக்குத் தனி நாள், இரண்டு மணி நேரம். சம்பளம் கேட்டதில் பாதி. அடுத்த தடவை முழுசாகக் கேட்பேன். தெருப் பிள்ளைகள் வருகிற காட்சிக்குத் தங்கச்சியின் குரலையும் அனுப்பியிருந்தேன், அவளையும் எடுத்துக்கொண்டார்கள்.

மூழ்குகிற காட்சிக்கு அண்ணன் சொன்னபடி ஒரு மாதிரி செய்து அனுப்பியிருந்தேன். வாய் மேலே வந்து ஒரு இழுப்பு, அரை இழுப்பில் அறுபடுவது, அப்புறம் ஒன்றுமில்லை. இயக்குநர் போனில் கூப்பிட்டார். "இதையே வச்சுக்கலாம்மா. மத்த மொழிக்காரங்களுக்கும் இதை அனுப்பி, இப்படியே பண்ணச் சொல்றேன்" என்றார்.

வியாழக்கிழமை பதிவு தொடங்குகிறது. பக்கத்து வீடுகளில் எல்லாம் சொல்லிவிட்டேன்.