டிரைவர் பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஓடாது

குலசேகரம் பக்கத்து ரப்பர் கடைகளில் ஷீட்டுக்கு ஒரு கணக்கு, ஒட்டுப்பாலுக்கு (சிரட்டையிலும் மரத்திலும் உறைந்து ஒட்டிக்கிடக்கும் பால்) ஒரு கணக்கு. அப்படி ஒரு கடைக்கு நாகர்கோவிலில் இருந்து நாங்கள் எழுதிக் கொடுத்த கொள்முதல் மென்பொருள் ஆரம்பத்தில் எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் ஓடியது. ஒரே ஒரு கோப்பு, சர்வர் கிடையாது, தனியாக நிறுவ எதுவும் இல்லை. ஒற்றைக் கவுண்டருக்கு அதுவே தாராளம். முதலாளி ஒட்டுப்பாலுக்குத் தனி கவுண்டர் போட்டதும் நிலைமை மாறியது. எஸ்கியூலைட் கோப்பை நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்து இரண்டு கணினியில் இருந்து எழுதினால், ஒரு நேரத்தில் ஒருவரையே எழுத விடும் பூட்டு சரியாக விழாமல் கோப்பே கெட்டுப்போகலாம். அதை உருவாக்கியவர்களே எச்சரித்திருக்கிறார்கள். சரி, சர்வரோடு ஓடும் தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லுக்குப் போவோம் என்று முடிவானது.

மென்பொருள் எழுதியது கியூடி என்ற நிரலாக்கக் கருவித்தொகுப்பில். ஒரே நிரலை விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் கம்பைல் செய்யலாம் (ஓடும் கோப்பாக மாற்றலாம்) என்பதற்காகத்தான் அதை எடுத்தோம். கியூடி நார்வேயில் பிறந்தது, மைஎஸ்கியூஎல் ஸ்வீடனில் பிறந்தது. இரண்டும் முதலில் வெளிவந்தது 1995-இல். பக்கத்துப் பக்கத்து நாட்டுக்காரர்கள், ஒரே வயது, சுலபமாக ஒத்துப்போவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

லினக்ஸில் ஒத்துத்தான் போகிறார்கள். உபுண்டுவில் ஒரு வரி ஆணை கொடுத்தால் மைஎஸ்கியூஎல்லோடு பேசும் டிரைவர், அதாவது கியூடியோடு சேரும் பிளக்-இன், வந்து உட்கார்ந்துவிடும். விண்டோஸில் கதை வேறு. கியூடியின் ஆயத்த இன்ஸ்டாலரில் எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ், ஓடிபிசி போன்றவற்றின் டிரைவர்கள் எல்லாம் உண்டு, மைஎஸ்கியூஎல் கிடையாது. வெளியார் எழுதிய நிரல் நூலகங்களைச் சார்ந்த பிளக்-இன்களைக் கட்டிக்கொடுப்பதில் உள்ள நடைமுறைச் சிக்கலைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். நாமே கட்டிக்கொள்ள வேண்டும். இன்ஸ்டாலரில் மூல நிரலையும் டிக் செய்து இறக்கி, மைஎஸ்கியூஎல்லின் ஹெடர் கோப்புகளும் நூலகமும் எங்கே இருக்கின்றன என்று பில்டு கருவியான சிமேக்குக்குக் காட்டி, பிளக்-இன்னை மட்டும் தனியாக பில்டு செய்ய வேண்டும். நிரலை எந்தக் கம்பைலரில் கட்டினோமோ அதே கம்பைலரில். மின்ஜிடபிள்யூ என்ற கம்பைலரில் கட்டிய நிரல் மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் கட்டிய பிளக்-இன்னை ஏற்காது. பிழை தேடுவதற்கான டீபக் பதிப்பும் வெளியே கொடுப்பதற்கான ரிலீஸ் பதிப்பும் கலந்தாலும் ஏற்காது. இத்தனைக்குப் பிறகு பில்டு முடிந்து, எங்கள் அலுவலகத்தில் அழகாக ஓடியது.

கடையில் சர்வர் இருந்த முதல் கணினியிலும் ஓடியது. புதுக் கவுண்டரில் ஓடவில்லை. கணக்குப்பிள்ளை போன் அடித்தார்: “சாரே, டிரைவர் லோடு ஆகலன்னு வருது. இப்பம் ஒட்டுப்பாலு எடுக்கவா வேண்டாமா? ஆளுவ சாக்கோட நிக்காவ.”

அவரைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, திரையில் அடுத்த வரியையும் வாசிக்கச் சொன்னேன். முதல் வரி டிரைவர் லோடு ஆகவில்லை என்கிறது. அடுத்த வரி, கைவசம் உள்ள டிரைவர்களின் பட்டியல். அதில் மைஎஸ்கியூஎல் பெயரும் இருந்தது! இருக்கிறது என்று ஒரு வரி, இல்லை என்று ஒரு வரி. புதிதாகப் பார்ப்பவருக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் இந்த முரண்பாட்டில்தான் விடை இருக்கிறது. பிளக்-இன் கோப்புக்குள் இருக்கும் பெயர்க்குறிப்பை மட்டும் வாசித்துத்தான் கியூடி பட்டியல் போடுகிறது, கோப்பை அப்போது லோடு செய்வதில்லை. பட்டியலில் பெயர் இல்லையென்றால் பிளக்-இன் தவறான ஃபோல்டரில் கிடக்கிறது, அல்லது பதிப்பு பொருந்தவில்லை. பெயர் இருந்தும் லோடு ஆகவில்லையென்றால், பெரும்பாலும் பிளக்-இன் நம்பியிருக்கும் மைஎஸ்கியூஎல் கிளையண்ட் டிஎல்எல் (சர்வரோடு பேசும் நூலகக் கோப்பு) காணவில்லை. மாப்பிள்ளை மணவறைக்கு வந்தாயிற்று, தாலி இன்னும் பஸ்ஸில் வருகிறது. முதல் கணினியில் சர்வரே இருந்ததால் அந்த டிஎல்எல் தேடும் பாதையிலேயே கிடைத்திருக்கிறது.

அந்த டிஎல்எல்லை நிரலின் பக்கத்தில் வைத்தோம். அப்போதும் அதே செய்தி. கியூடியில் பிளக்-இன் துப்பறிவதற்கென்று ஒரு சூழல் மாறி (நிரலுக்கு வெளியே வைக்கும் அமைப்பு) உண்டு. அதை 1 என்று வைத்து நிரலை ஓட்டினால் எந்தக் கோப்பைத் திறக்கப் பார்த்தது, ஏன் முடியவில்லை என்று வரி வரியாகக் கொட்டும். கொட்டியது: “குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை.” கோப்பு கண்முன்னே இருக்கிறது. விண்டோஸ் சொல்வது அந்தக் கோப்பைப் பற்றியே இல்லை, அது கேட்கும் வேறொரு கோப்பைப் பற்றி. எந்தக் கோப்பு என்று மட்டும் வாயைத் திறக்காது. டிஎல்எல்களின் சார்புகளைக் காட்டும் கருவியில் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, மைஎஸ்கியூஎல் 8-இன் கிளையண்ட் நூலகம் குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லின் இரண்டு டிஎல்எல்களையும் கேட்கிறது. அவற்றையும் சேர்த்ததும் ஒட்டுப்பால் கவுண்டர் திறந்தது. அதற்குள் துண்டுச் சீட்டுகள் ஒரு கட்டு சேர்ந்திருந்தன.

இணையத்தில் யாரோ கட்டிய பிளக்-இன்னை இறக்கிப் போட்டால் என்ன என்று எங்கள் ஜூனியர் பையன் கேட்டான். கியூடியின் புதிய பதிப்பில் கட்டிய பிளக்-இன் பழைய பதிப்பில் ஏறாது என்பது ஒரு காரணம். அதைவிட, முகம் தெரியாதவர் கொடுத்த டிஎல்எல் ஒரு வியாபாரியின் மொத்த வரவு செலவுக்குள் உட்காருவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அரைநாள் போனாலும் நாமே கட்டுவதுதான் சரி.

அப்புறம் உரிமம். மைஎஸ்கியூஎல் கிளையண்ட் நூலகம் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருவது. மூல நிரலைத் தராமல் விற்கிற மென்பொருளோடு அதைச் சேர்த்துக் கொடுப்பது வில்லங்கம், அல்லது மைஎஸ்கியூஎல்லின் உரிமையாளரான ஆரக்கிளிடம் காசு கட்டி உரிமம் வாங்க வேண்டும். அதனால் சர்வரையும் கிளையண்டையும் மைஎஸ்கியூஎல்லில் இருந்து பிரிந்து வந்த மரியாடிபிக்கு மாற்றினோம். அதன் கிளையண்ட் நூலகமான சி கனெக்டர், ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமம் என்பதால், நிபந்தனைகளைக் கடைப்பிடித்தால் எங்கள் மாதிரி மென்பொருளோடு கொடுக்கலாம். பிளக்-இன்னை அதனோடு இணைத்து மறுபடி பில்டு செய்ய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் நிரலின் உதவி மெனுவில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. டிரைவர் பட்டியல், லோடு ஆனதா இல்லையா, எந்தக் கோப்பு எந்தப் பாதையில் என்று மூன்றே விஷயம். ஏதாவது பிரச்சினை என்றால் கணக்குப்பிள்ளை போன் அடித்ததும் நான் கேட்காமலேயே அதைத்தான் முதலில் வாசிக்கிறார்.