சொட்டுக் கணக்கு: ஓர் அப்ரண்டிஸின் நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்

தொழிற்பழகுநர் சட்டம், 1961-இன்படி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மணலியில் உள்ள ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இன்று சேர்ந்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றதால், தண்டையார்பேட்டையிலிருந்து அரை மணி நேரம் முன்பாகக் கிளம்பியும் வாசலுக்கு ஓடித்தான் போக வேண்டியிருந்தது. நாள் முழுவதும் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. ஆளுக்கு ஒரு பூட்டும், பெயர் எழுதிய டேக்கும் தந்தார்கள். எந்த இயந்திரத்தைத் தொடுவதானாலும் மின் இணைப்பைத் துண்டித்து, அவரவர் பூட்டை அவரவரே போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்தி அது ஓடவில்லை என்று பார்த்த பின்னரே ஸ்பானரை எடுக்க வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

குளிர்நீர் பம்ப் ஒன்றுக்கு கிளாண்ட் பேக்கிங் மாற்றினோம். சுழலும் ஷாஃப்ட் பம்பின் உடலைவிட்டு வெளிவரும் இடத்தில் நீர் பீறிடாமல் அடைக்கும் கயிறு அது. என்னைப் பொறுப்பில் எடுத்திருக்கும் மூத்த ஃபிட்டரை எல்லாரும் அண்ணன் என்றே அழைக்கிறார்கள். ஷாஃப்ட்டின் அளவுள்ள ஒரு குழாயில் பேக்கிங் கயிற்றைச் சுற்றி, முனைகள் சாய்வாக அமையுமாறு வளையங்களாக நறுக்கி, ஒரு வளையத்தின் வெட்டு அடுத்ததன் வெட்டுக்கு நேராக வராதபடி திருப்பித் திருப்பி உள்ளே செலுத்தக் கற்றுத் தந்தார். பம்ப் ஓடத் தொடங்கியதும் கிளாண்டிலிருந்து நீர் சொட்டியது. அவர் வேலை அனுமதிச் சீட்டான பர்மிட்டை ஒப்படைக்கப் போயிருந்த நேரத்தில் நான் பேக்கிங்கை அழுத்தும் இரண்டு நட்டுகளையும் இறுக்கிச் சொட்டை நிறுத்தினேன். ஐ.டி.ஐ.யில் படித்த 2 ஆண்டுகளும் கசியாத இணைப்புக்குத்தான் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

ஜூன் 7, வெள்ளி

இரவு ஷிஃப்ட்டில் கிளாண்ட் புகைந்து பம்பை நிறுத்தியிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் பேக்கிங் கருகிக் கட்டியாகிக் கிடந்தது. ஷாஃப்ட்டின் மேலுள்ள ஸ்லீவ் என்ற உறைக்குழாயில் நகத்தை வைத்தால் சிக்கும் அளவுக்கு வரிகள் விழுந்திருந்தன. நான்தான் இறுக்கினேன் என்று கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன். அண்ணன் திட்டவில்லை. “தம்பி, அது சொட்டணும். சொட்டலேன்னா எரியும்” என்று மட்டும் சொன்னார். சுழலும் ஸ்லீவுக்கும் பேக்கிங்குக்கும் நடுவே அந்த நீர்தான் எண்ணெய்போல இருந்து, உராய்வின் சூட்டையும் வெளியே எடுத்துச் செல்கிறது. நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு வரை விட வேண்டும் என்பது அவர் கணக்கு. லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்து வளர்ந்தவனுக்கு, நீரைச் சொட்டவிட்டு அதை வேலைத்திறன் என்று ஏற்றுக்கொள்வது எளிதாக இல்லை.

ஜூன் 14, வெள்ளி

வாரம் முழுவதும் கிரீஸ் வைத்தல், பெல்ட் பார்த்தல், துருவேறிய போல்ட்டுகளைக் கழற்றுதல். கடற்காற்று இங்கே எந்த நட்டையும் சும்மா விடுவதில்லை.

ஜூன் 20, வியாழன்

மோட்டாரையும் பம்பையும் நேர்கோட்டில் நிறுத்தும் வேலைக்கு ஒரு நாள் முழுதும் போயிற்று. பம்போடு குழாய்கள் பிணைந்திருப்பதால் அதை அசைக்காமல், மோட்டாரைத்தான் நகர்த்துகிறோம். நேர்கோட்டை அளக்கத் தொடங்கும் முன்பே அண்ணன் மோட்டாரின் நான்கு கால்களையும் சோதிக்கச் சொன்னார். நுண்ணிய நகர்வையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைக் காலருகே வைத்து, ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி முள்ளைக் கவனித்ததில், மூன்று கால்கள் அசையவில்லை, நான்காவது 0.18 மி.மீ. எழுந்தது. அந்தக் கால் அடித்தளத்தில் படியாமல், இறுக்கும்போதெல்லாம் மோட்டாரின் உடலையே வளைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து அதைச் சரிசெய்யாமல் அளந்திருந்தால், ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் அளவு மாறி மாலைவரை சுற்றிச்சுற்றி வந்திருப்போம். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் விளிம்பில் மேலும் கீழும் எடுத்த அளவுகளின் வித்தியாசத்தில் பாதியே உண்மையான விலகல் என்பதை நான் மறந்து, தேவையைப்போல இரு மடங்கு ஷிம் வெட்டியதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

6309 என்ற எண்ணுள்ள பேரிங்கை ஷாஃப்ட்டில் ஏற்றினோம். கடைசி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்கினால் துளையின் விட்டம் 45 மி.மீ. சுத்தியலால் தட்டி ஏற்றாமல், ஹீட்டரில் 110 டிகிரிவரை சூடாக்கினோம். துளை விரிவது ஏறத்தாழ 0.04 மி.மீ.தான், ஆனாலும் கையுறையோடு பிடித்து விட்டதும் ஷாஃப்ட்டில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஆறும்வரை நகராமல் அழுத்திப் பிடித்திருப்பது மட்டுமே என் வேலை.

ஜூலை 9, செவ்வாய்

புது ஸ்லீவ் வந்ததால் அதே பம்ப் மறுபடி என் கைக்கு வந்தது. முதலில் நட்டுகளைக் கைவிரலால் மட்டும் இறுக்கி, தாராளமாகச் சொட்டவிட்டு, பேக்கிங் படியப் படிய இரு நட்டுகளையும் சமமாகச் சிறிது சிறிதாகத் திருப்பினேன். ஒவ்வொரு திருப்புக்குப் பின்னும் கால் மணி நேரம் காத்திருந்து, கிளாண்டின் சூட்டைத் தெர்மாமீட்டரில் பார்த்தேன். அண்ணன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஸ்பானரை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மதியம் 3 மணிக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். “கிளாண்ட் கசிவு நிமிடத்துக்கு 48 சொட்டு” என்று லாக் புத்தகத்தில் எழுதி, கீழே என் பெயரையும் எழுதினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, பெயருக்குப் பக்கத்தில் ‘அப்ரண்டிஸ்’ என்று சேர்க்கச் சொன்னார்.