6.1 கர்னலில் உடைந்த ஒரு நினைவகச் சோதனை

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கென நாங்கள் பராமரித்துவரும் மொடியூல்களோடு (கர்னலில் சேர்த்து ஓட்டும் நிரல்களோடு) சிறிய சோதனை ஒன்றும் உண்டு. ஒரு புரோசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின், நினைவகப் பகுதிகளை, அதாவது விஎம்ஏக்களை, கர்னலுக்குள் இருந்தே எண்ணி, அப்பகுதிகளை வரிக்கு ஒன்றாகக் காட்டும் புரொக் கோப்பகத்தின் மேப்ஸ் கோப்பில் தெரியும் வரிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவதே அதன் வேலை. 5.15 பதிப்பில் குறையின்றி ஓடிய அந்தச் சோதனை, 6.1க்கு மாறியவுடன் கம்பைல் ஆகவே இல்லை.

6.0 வரை இப்பகுதிகள் சிவப்பு-கறுப்பு மரம் என்ற தரவுக் கட்டமைப்பு ஒன்றிலும், முகவரி வரிசைப்படி அமைந்த இணைப்புப் பட்டியல் ஒன்றிலும் வைக்கப்பட்டிருந்தன. லியம் ஹவ்லெட்டும் மத்தியூ வில்கொக்ஸும் உருவாக்கிய மேப்பிள் மரம் என்ற புதிய தரவுக் கட்டமைப்பு, 2022 டிசம்பரில் வெளியான 6.1இல் அவ்விரண்டின் இடத்தையும் பிடித்துக்கொண்டதால், பட்டியலின் தலையைக் காட்டிய எம்மேப் சுட்டியும், அடுத்த பகுதியைக் காட்டிய விஎம்_நெக்ஸ்ட் சுட்டியும் நீக்கப்பட்டுவிட்டன. உள் கட்டமைப்புகள் எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பது லினக்ஸ் கர்னலின் வெளிப்படையான கொள்கை. ஆகவே யாரையும் குறைசொல்வதற்கில்லை.

முதல் திருத்தம் எளிது. சுட்டியைப் பற்றிச் சென்ற லூப்பை எடுத்துவிட்டு, விஎம்ஏ_இடரேட்டர் ஒன்றை அறிவித்து ஃபோர்_ஈச்_விஎம்ஏ மேக்ரோவைப் பயன்படுத்தினேன். எண்ணும்போது பகுதிகள் மாறாமல் காக்கும் வாசிப்புப் பூட்டு முன்போலவே இருந்தது. 5.15க்காகப் பழைய லூப்பையும் பதிப்பெண் நிபந்தனைக்குள் வைத்திருந்தேன். ஒக்டோபரில் ஹட்டனில் பிற்பகல் இடிமழையோடு மின்சாரமும் போய்விடும் என்பதால், கர்னல் பில்டுகளைக் காலையிலேயே முடித்துக்கொள்வது என் வழக்கம்.

பண்டாரவளையிலிருந்து எங்களுடன் பணிபுரியும் தம்பி அதைக் கியூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, பில்ட் ஆகிறது, ஆனால் கணக்கில் ஒன்று உதைக்கிறது" என்றார். எதிர்பார்க்கும் எண்ணில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ விட்டால் சோதனை தேறிவிடும் என்பது அவருடைய யோசனை. அப்படிச் செய்தால் சோதனை இருந்தும் இல்லாதது போலத்தான் என்று கூறி, இரண்டு பட்டியல்களையும் முகவரிகளோடு அருகருகே அச்சிடச் சொன்னேன்.

பகுதிகள் யாவும் ஒன்றுக்கொன்று பொருந்தின. குழப்பம் மேப்ஸ் கோப்பின் கடைசி வரியில் இருந்தது. எக்ஸ்86-64 கணினிகளில் முகவரி வெளியின் உச்சியில் விசிஸ்கால் என்றொரு வரி தோன்றுவதுண்டு; சில கர்னல் அழைப்புகளை விரைவாகச் செய்வதற்கான பழைய ஏற்பாட்டின் பெயர் அது. அந்த வரி எந்தப் புரோசஸின் விஎம்ஏ தொகுதியிலும் சேராதது, கர்னல் காட்சிக்காகக் கடைசியில் சேர்ப்பது. பழைய சோதனையை எழுதியவர், ஒரு குறிப்பும் எழுதாமல், மொத்த வரிகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழித்திருந்தார். எங்கள் 6.1 கர்னலோ விசிஸ்கால் முற்றாக அணைக்கப்பட்ட அமைப்பில் கட்டப்பட்டிருந்ததால், இல்லாத வரிக்கும் ஒன்று கழிந்தது. மேப்பிள் மரத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இப்போது, கடைசி வரியின் பெயர் விசிஸ்கால் என்றிருந்தால் மட்டுமே அது விலக்கப்படுகிறது.

சோதனை இன்னமும் பிழையைப் பிடிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. ஒரே அனுமதியுள்ள அடுத்தடுத்த பகுதிகளைக் கர்னல் ஒன்றாக்கிவிடக்கூடும் என்பதால், ஒரு நீண்ட பகுதியில் ஒன்றுவிட்ட பக்கங்களை வாசிப்புக்கு மட்டும் என மாற்றி எண்ணிக்கையை உயர்த்தினோம். பின்னர் லூப்பில் முதல் பகுதியை வேண்டுமென்றே தவறவிட்டு, சோதனை தோற்பதை உறுதிசெய்தோம். விசிஸ்கால் திருத்தம் 5.15 கிளைக்கும் தேவைப்பட்டதால், அதைத் தனிப் பட்சாக (திருத்தக் கோப்பாக) பிரித்தே அனுப்பினேன்.