செயலாளரும் சோடா பாட்டிலும்

கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் வேலை. பெர்மிட் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாத உத்தியோகம். ராக்கெட் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கியது அதனால்தான் என்று பெருமைப்பட்டேன். எழுத்து வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

1975ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். ராக்கெட் விட ஆசைப்பட்டவர்கள் நான்கு பேர்தான். மீதி மூன்று கையெழுத்தை ஷிப்ட் நண்பர்களிடம் டீ வாங்கிக் கொடுத்துப் பெற்றேன். சந்தா கேட்டபோது ஒருவர், "ராக்கெட்டா? நான் சீட்டுன்னுல்ல நினைச்சேன்" என்றார்.

முதல் சண்டை எரிபொருளில் வந்தது. பையன்களுக்கு நெருப்பும் புகையும் வேண்டும். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது என்றேன்.

"கேரளாவுல, நம்ம நாட்டோட முதல் ராக்கெட் தளம் தும்பாவுல, சைக்கிள்லதானண்ணே ராக்கெட்டைக் கொண்டுபோனாங்க?"

"சைக்கிளும் இருந்துச்சு, அனுமதியும் இருந்துச்சு தம்பி."

கடைசியில் தண்ணீர் ராக்கெட் என்று முடிவானது. சோடா பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சத்துக்கு சைக்கிள் பம்ப் காற்று. காலி ராக்கெட்டை அது சமநிலையில் நிற்கும் இடத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்ப்போம். மூக்கு முன்னால் போனால் எடை மையம் சரியான இடத்தில் இருக்கிறது. எங்களுடையது வாலை முன்னே நீட்டிக்கொண்டு சுற்றியது. மூக்கில் களிமண்ணை அப்பி அப்பி, ஒரு ஞாயிறு முழுக்க மொட்டை மாடியில் கை வலிக்கச் சுழற்றினோம். எனக்கு அந்த ஞாயிறுதான் பிடித்தது.

தேவனாம்பட்டினம் கடற்கரை, மாலை நாலு மணி. "கடல்காத்து அடிக்குது, கரைப்பக்கம்தான் விழும்" என்று நான்தான் சொன்னேன். துடுப்பு வைத்த ராக்கெட் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும். பாராசூட் விரிந்த பிறகுதான் காற்றோடு மிதந்து வரும். எங்கள் பாராசூட் விரியவே இல்லை. முதலாவது கடலுக்குள் போனது. தற்செயல் என்று இரண்டாவதையும் விட்டேன்.

படகிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் இரண்டையும் கையில் கொண்டுவந்தார். "சார், உங்க பாட்டிலா? காலைல ஒரு நேரம் காத்து நிக்கும், அப்ப விடக் கூடாதா?"

ஆலையில் மற்றவர்களிடம் எழுதி வாங்கும் சம்பவ அறிக்கையை அன்று இரவு மினிட் புத்தகத்தில் நானே எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'செயலாளர்' என்று போட்டேன். பொருளாளர் படித்துப் பார்த்தார், எதையும் அடிக்காமல் கீழே கையெழுத்துப் போட்டார்.