டூத்லெஸ்ஸின் கண்ணை மாற்றாமல் விட்டார்கள்

ஹிக்கப் என்ற பையனும் டூத்லெஸ் என்ற டிராகனும் நண்பர்களாகும் கதைதான் 2010-ல் வந்த 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' அனிமேஷன் படம். அதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. மனசு சரியில்லாத நாட்களில் அதன் நடுப்பகுதியை மட்டும் போட்டுப் பார்ப்பேன். அதனால், அதையே நிஜ நடிகர்களை வைத்துத் திரும்ப எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நன்றாக இருக்கிற ஒன்றை எதற்குத் தொட வேண்டும்? 2025 ஜூனில் படம் வந்ததும் எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பழையதைப் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் வளரட்டும், சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

படம் முடிந்து வெளியே வந்தபோது கோபம் பாதிக்கு மேல் போயிருந்தது. அது எப்படிப் போனது என்று எனக்கே புரியவில்லை. அடுத்த சில நாட்கள் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன், பார்த்துவிட்டு வந்த நண்பர்களிடமும் கேட்டேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. படம் பிடித்துப்போனவர்களும் "அப்படியே எடுத்திருக்காங்க" என்கிறார்கள், பிடிக்காதவர்களும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். ஒருவருக்கு அது நிம்மதி, இன்னொருவருக்கு அது ஏமாற்றம்.

அவர்கள் சொல்வது உண்மைதான். பழைய படத்தை கிறிஸ் சாண்டர்ஸோடு சேர்ந்து இயக்கிய டீன் டெப்லுவாதான் இதையும் இயக்கியிருக்கிறார். அன்று ஹிக்கப்பின் அப்பா ஸ்டோயிக்குக்குக் குரல் கொடுத்த ஜெரார்ட் பட்லர் இன்று தாடியும் மிருக ரோமத்தில் செய்த உடையுமாக அவரே ஸ்டோயிக்காக நிற்கிறார். இசையும் அதே ஜான் பவல். ஆக, அதே கைகள் அதே வீட்டைத் திரும்பக் கட்டியிருக்கின்றன. 98 நிமிடப் படம் 125 நிமிடமாகியிருக்கிறது, ஆனால் கதையில் பெரிய மாற்றம் இல்லை. கூடுதல் நேரத்தில், ஹிக்கப்போடு பயிற்சி எடுக்கும் பெண் அஸ்ட்ரிட்டுக்குத் தலைவியாக வேண்டும் என்ற ஆசை, இன்னொரு பையன் ஸ்னாட்லவுட்டுக்குத் தன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு அப்பா என்று சின்னச் சின்ன இழைகள் வருகின்றன. அந்த அப்பா விஷயம் எனக்குப் பிடித்தது. மற்றவை இல்லாவிட்டாலும் படம் இப்படியேதான் இருந்திருக்கும்.

அஸ்ட்ரிட்டாக நிகோ பார்க்கர் நடிக்கிறார் என்று அறிவித்ததும், கார்ட்டூனில் இருந்த மாதிரி பொன்னிற முடி இல்லையே என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. படத்தில் அந்தப் பெண் வரும் முதல் காட்சியிலேயே எனக்கு அது மறந்துபோனது. அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

நான் பேச நினைத்தது கண்ணைப் பற்றி.

ஹிக்கப்பும் டூத்லெஸ்ஸும் நண்பர்களாகும் அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பல நிமிடங்கள் வசனமே கிடையாது. பையன் ஒரு குச்சியால் மண்ணில் படம் வரைகிறான். டிராகன் எட்டிப் பார்த்துவிட்டு, தானும் ஒரு மரக்கிளையைப் பிடுங்கிக்கொண்டு வந்து தாறுமாறாகக் கோடு இழுக்கிறது. அந்தக் கோட்டை அவன் மிதித்தால் உறுமுகிறது, காலை எடுத்தால் அமைதியாகிறது. அவன் கோடுகளுக்கு நடுவில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நகர்ந்து, கடைசியில் தனக்கே தெரியாமல் அதன் பக்கத்தில் வந்து நிற்கிறான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிறான். அது வந்து உள்ளங்கையில் மூக்கை வைக்கிறது. இவ்வளவுதான். இந்தக் காட்சி நிற்பதே டிராகனின் முகத்தில்தான். சந்தேகம், கோபம், ஆசை, வெட்கம் எல்லாம் அந்தப் பெரிய பச்சைக் கண்ணில் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பையன் ஒரு மிருகத்தின் முன்னால் நிற்கிறான் என்பதைத் தவிர அங்கே ஒன்றும் நடக்காது.

புதிய படத்தில் மற்ற டிராகன்களை நிஜ மிருகம் மாதிரி செதில், சுருக்கம், எடை எல்லாம் வைத்து மாற்றியிருக்கிறார்கள். டூத்லெஸ்ஸின் தோலும் மாறியிருக்கிறது, ஆனால் கண்ணையும் அந்த அகலமான வாயையும் ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டார்கள். நிஜத்தில் எந்த ஊர்வனவுக்கும் அப்படி ஒரு முகம் இருக்காது. இருந்தும் நம்பினேன். என் கோபத்தைக் கரைத்தது அந்தக் காட்சிதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

இதற்கு நேர் எதிராக நடந்ததையும் பார்த்திருக்கிறேன். 2019-ல் ஜான் ஃபாவ்ரோ எடுத்த 'த லயன் கிங்'. முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் அசைகிறது, வெயில் அவ்வளவு அழகாக விழுகிறது. ஆனால் அப்பா சிங்கம் செத்துக் கிடக்கும்போது குட்டியின் முகத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. நிஜ சிங்கக்குட்டியின் முகம் அப்படித்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1994-ல் வந்த பழைய கார்ட்டூன் படத்தில் வரைந்த குட்டியைப் பார்த்து அழுதவன் நான், இதைப் பார்த்து அழவில்லை. நிறைய விமர்சகர்களும் இந்தக் குறையைத்தான் சொன்னார்கள். ஆனாலும் அந்தப் படம் 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம், படம் வெளியாகும் நாளிலேயே தியேட்டரில் பார்த்தவர்களிடம் கேட்டு மதிப்பெண் போடும். 2019 சிங்கத்துக்கு 'ஏ' கொடுத்தார்கள், 2025 டிராகனுக்கும் அதே 'ஏ'. முதல் நாளே ஓடிப்போய்ப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அந்தக் கதையை நேசிப்பவர்கள். பழகிய பாட்டின் முதல் வரி காதில் விழுந்ததுமே கண் கலங்குகிறவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அந்த நேரத்துச் சந்தோஷத்தைச் சொல்கிறார்கள். அதனால்தான் அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து இரண்டு படத்தையும் ஒன்று என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆறு மாதம் கழித்து எந்தக் காட்சி நினைவில் இருக்கிறது என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், "அப்படியே எடுக்காதே" என்பவர்களிடம் நான் எப்போதும் காட்டுவது 2016-ல் டேவிட் லோவரி எடுத்த 'பீட்ஸ் டிராகன்'. 1977 படம் ஒரு இசைப்படம், கதாபாத்திரங்களே பாடும், டிராகன் மட்டும் கையால் வரைந்த கார்ட்டூன். லோவரி அந்தப் பாட்டுகளைத் தூக்கிவிட்டார், காலத்தை மாற்றினார், இடத்தை மாற்றினார், டிராகனுக்கு நாய்க்குட்டி மாதிரி பச்சை ரோமம் வைத்தார். காட்டில் தனியாக வளரும் பையனும் அந்த ரோமமும் மட்டும் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் துணிச்சல் 2025-ல் வந்த டூத்லெஸ் படத்துக்கு இல்லை என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது. முகத்தைக் காப்பாற்றியவர்கள் கதையிலும் ஒரு இடத்திலாவது கை வைத்துப் பார்த்திருக்கலாம்.

ஒரு வாரம் கழித்து மகளுக்குப் பழைய படத்தைப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் பேசாமல் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இது அந்தப் படத்தோட கார்ட்டூனாப்பா?" என்று கேட்டாள். இல்லைம்மா, இதுதான் முதலில் வந்தது, நீ பிறக்கிறதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே வந்தது என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள். மண்ணில் கோடு போடும் காட்சி வந்ததும் மட்டும் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முடிந்ததும் ரிமோட்டை என்னிடம் நீட்டி, "இன்னொரு தடவை போடுப்பா" என்றாள்.