அப்பாவின் முள்முருக்கு விமானங்கள்

ஏப்ரல் 2

அப்பாவின் மேசை லாச்சியை இன்றுதான் திறந்தேன். அந்தியேட்டி முடிந்து ஒரு மாதம். அம்மா திறப்பைத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. உளி, அடிமட்டம், தேய்ந்த சாண்ட்பேப்பர், அப்புறம் பழைய சாரத்தில் சுற்றிய நீளமாக ஏதோ ஒன்று. பிரித்தால் ஒரு இறக்கை. முள்முருக்கில் சீவியது. அடியில் பென்சிலால் 'கட்டலினா 26'.

அப்பா போர் விமானங்களை மரத்தில் சின்ன மாதிரிகளாகச் சீவுவார். நிஜ விமானத்தின் ஒரு அடிக்குக் கால் அங்குலம், அதுதான் அவரின் கணக்கு. கட்டலினா என்ற கடல் விமானத்தின் இறக்கை 104 அடி, ஆகவே 26 அங்குலம். ஹரிக்கேன் என்ற சண்டை விமானத்துக்கு 40 அடி, ஆகவே 10 அங்குலம். பள்ளிக்கூடத்தில் நாலாம் வாய்ப்பாடு சொல்லச்சொன்னால் எனக்கு ஹரிக்கேன்தான் ஞாபகம் வரும்.

ஏப்ரல் 4

எங்கள் வீட்டில் இது பேர்ச்சாலின் நாள். 1942 இல் இதே நாளில் தென்கரையிலிருக்கும் கொக்கலவிலிருந்து கட்டலினாவில் கிளம்பிய கனடாக்காரர் லெனார்ட் பேர்ச்சால், தெற்கே ஜப்பான் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஸீரோ விமானங்கள் சுட்டு விழுத்தின. ஒன்பது பேரில் ஆறு பேர் தப்பிக் கைதிகளானார்கள். வருசா வருசம் தேத்தண்ணி ஆறும்வரை அப்பா இதைச் சொல்வார், நாங்கள் கொட்டாவி விடுவோம். இன்று சொல்ல ஆளில்லை, தேத்தண்ணி சூடாகவே இருந்தது.

ஏப்ரல் 6

இதை எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். 1990 இல், சுற்றிவளைப்பு என்றால் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நாங்களே பயந்து தேடிப் பார்த்த காலத்தில், ஒரு விடியற்காலை அம்மா அலுமாரிக்கு மேலிருந்த பதினொரு விமானங்களையும் அடுப்பில் வைத்துவிட்டா. தமிழ் வீட்டில் போர் விமானம், மரமென்றாலும் யார் கேட்பார்கள்? அப்பா எழும்பி வந்து அடுப்பைப் பார்த்துவிட்டு, "முருக்கு நின்று எரியாதே, புட்டு அவிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாராம். அதற்குப் பிறகு பதினைந்து வருசம் அவர் உளியைத் தொடவில்லை.

ஏப்ரல் 7

சண்டை முடிந்த பிறகு இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனோம். மிக் போர் விமானத்தைப் பார்க்கச் சொன்னால் பேலியோலுக்கு முன்னால் நின்றுவிட்டார். அது வெறும் பயிற்சி விமானம். ஆனால் உள்ளே மேர்லின் எஞ்சின், ஹரிக்கேனுக்குப் போட்ட அதே இனம். மூக்குப் பக்கமாகக் காதை வைத்துக்கொண்டு நின்றார். காவலர் சிரித்தார், எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது அந்த வெட்கத்தை நினைத்தால்தான் வெட்கம்.

ஏப்ரல் 9

தம்பியும் நானும் திருகோணமலைக்குப் பக்கத்திலிருக்கும் சீனக்குடா விமானத்தளப் பக்கம் போய் வந்தோம். 1942 இல் இதே நாள் காலையில்தான் திருகோணமலையில் குண்டு விழுந்தது. இங்கிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 261 ஆவது பிரிவின் ஹரிக்கேன்கள் எழும்பிப் போயின. ஒரு ஜப்பான் விமானம் எண்ணெய்த் தாங்கி மேலேயே விழுந்தது. வேண்டுமென்றே இடித்தான் என்று ஊரில் கதை. "அடிபட்ட விமானம் விழுகிற இடத்தை ஓட்டியா தெரிவுசெய்வான்?" என்று அப்பா சண்டைக்கே போவார். அன்றைக்கு அங்கே கூலிக்குப் போயிருந்த அப்பப்பா காட்டுக்குள் ஓடியவர், அவருக்குப் புகை மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் அம்மா இறக்கையை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறா.

"இதுக்கு உடம்பு எவ்வளவு நீளம்?"

"64 அடி. பதினாறு அங்குலம் வரும்."

"வேலி மூலையில முருக்கு ஒண்டு வெட்டக் கிடக்கு. தம்பியை நாளைக்குக் கத்தியோட வரச்சொல்லு."