பச்சை உடம்பு

எட்டு மாதம் தாண்டிய பெண்கள் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். உசிலம்பட்டிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் செவ்வாய்க்கிழமையில் பெஞ்சு நிரம்பி, வேப்பமரத்தடி வரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள். "தேதி தாண்டிவிட்டதே, பிள்ளை தண்ணீர் குடித்துவிடுமா?" "ஆபரேஷன்தான் ஆகுமா?" "வலி வந்தால் எனக்குத் தெரியுமா அக்கா?"

தெரியும். சூட்டு வலி வந்து வந்து போகும். கொஞ்சம் நடந்தாலோ ஒருக்களித்துப் படுத்தாலோ அடங்கிவிடும். பிரசவ வலி இடுப்பில் பிடித்து அடிவயிற்றுக்கு இறங்கும், இடைவெளி குறைந்துகொண்டே வரும், என்ன செய்தாலும் அடங்காது. அம்மா வைத்துக் கொடுக்கும் சீரகத் தண்ணீரைக் குடிக்கட்டும், நான் தடுப்பதில்லை. ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளையின் துடிப்பு குறைந்ததாகத் தோன்றினாலோ சீரகம் வறுத்துக்கொண்டிருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். தேதியைப் பற்றியும் சொல்வேன். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 40 வாரம் எண்ணிப் போட்ட கணக்கு அது. குறித்த நாளிலேயே பிறப்பது நூற்றில் நாலைந்து பிள்ளைகள்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. ஸ்கேனில் கழுத்தைக் கொடி சுற்றியிருப்பதாக எழுதியிருந்தால் போதும், வீடே கலங்கிவிடும். மாலை சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். ஒரு பெண் அந்தத் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, வாசலில் பைக்கில் உட்கார்ந்திருந்த தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அவள் கேட்கவே இல்லை. அவளை உட்கார வைத்துச் சொன்னேன்: நாலைந்து பிள்ளைகளில் ஒன்றுக்குக் கொடி சுற்றித்தான் இருக்கும். கொடியைச் சுற்றி வழுவழுவென்று ஒரு பசை உண்டு, அதனால் கொடி எளிதில் நசுங்காது. பெரும்பாலும் தலை வெளியே வந்ததும் விரலால் கழற்றி விட்டுவிடுவார்கள். அவளுக்குச் சுகப்பிரசவம்தான். தம்பி தாம்பாளத்து நல்லெண்ணெயில் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நேரே பார்த்தான். நானும் பக்கத்தில் நின்றேன். அந்தச் சடங்கால் யாருக்கும் கேடில்லை, அக்காளுக்கு நிம்மதி.

இந்தப் பயங்களையெல்லாம் வாய்விட்டுக் கேட்டுவிடுவார்கள். பிள்ளை பிறந்த பிறகுதான் பெண்கள் பேசாமல் போய்விடுகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் தொட்டிலைப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. பிரசவமாகி ஏழாம் நாள் பார்வைக்காக ஒரு வீட்டுக்குப் போனேன். பிள்ளையைத் தராசில் எடை போட்டேன், தொப்புளைப் பார்த்தேன், பதிவேட்டில் எழுதினேன். "தலை வலிக்கிறது அக்கா, கண்ணும் மங்கலாகத் தெரிகிறது" என்றாள். "ராத்திரியெல்லாம் தூக்கமில்லை நர்சம்மா, வேறொன்றுமில்லை" என்றார் அவள் அம்மா. முகம் ஊதியிருந்தது. பிள்ளை பெற்ற முகம் அப்படித்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என் பைக்குள்ளேயே இருந்தது. பையைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரி அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. ஜன்னி என்று வேப்பிலை தேடியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன்தான் 108-க்குப் போன் செய்தான். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மெக்னீசியம் ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். பிறகு நான் போனபோது அவளே எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பை வாங்கிய என்னால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கர்ப்பத்தில் ஒன்பது மாதமும் அழுத்தம் சரியாக இருந்தவளுக்குக்கூடப் பிரசவத்துக்குப் பிறகு ஏறலாம். புத்தகத்தில் படித்துத் தேர்வும் எழுதியவள்தான் நான். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தாயின் கையில்தான் பட்டையைச் சுற்றுகிறேன். பிறகுதான் பிள்ளை. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, இந்த மூன்றையும் வீட்டில் இருக்கிற ஆண்களிடமும் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

இரண்டாவது, தண்ணீர். எங்கள் ஊர்ப் பத்தியத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டு, பால் சுறாப் புட்டு, நாட்டுக்கோழிச் சாறு, எல்லாம் உடம்பு தேற நல்லதுதான். ஆனால் பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று நாளுக்கு இரண்டு டம்ளர் வெந்நீரோடு நிறுத்துகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பால் கொடுக்கிற உடம்புக்கு அது எப்படிப் போதும்? மலம் கட்டிப்போகும். முக்கினால் தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து, போகாமலே அடக்குவாள். அடக்குவதற்காகச் சாப்பாட்டைக் குறைப்பாள். பிறகு பால் போதவில்லை என்று அவளையே குறை சொல்வார்கள். இதை எந்தப் பெண்ணும் சபையில் சொல்வதில்லை. அம்மா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, என் காதோரம் சொல்வாள். தையல் அத்தனை சுலபமாகப் பிரியாது, தண்ணீர் குடி, கீரை சாப்பிடு, அடக்காதே என்பேன். தீட்டு நான்கிலிருந்து ஆறு வாரம் வரை படலாம், நிறம் வெளுத்துக்கொண்டே வரும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, நாற்றத்தோடு காய்ச்சல் அடித்தாலோ உடனே கிளம்ப வேண்டும்.

போன மாதம் ஒரு வீட்டில் அழுத்தம், தையல், மார்பு எல்லாம் பார்த்து முடித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. "வேறென்ன தாயி?" என்றேன். இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு எழுந்திருக்கக் கூடாது, உட்கார்ந்திருக்க வேண்டும். பாயின் கோரையை நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு, "பிள்ளையைப் பார்த்தால் சந்தோஷமே வரவில்லை அக்கா, அழுகைதான் வருகிறது. நான் கெட்டவளா?" என்றாள்.

இல்லை என்றேன். பிரசவமான முதல் வாரத்தில் நிறையப் பேருக்கு இப்படி வரும், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகத் தெளியும். தெளியாவிட்டாலோ, தூக்கமே பிடிக்காமல் போனாலோ, தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும். அதற்கும் வைத்தியம் உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் அம்மா நிலைப்படியில் வந்து நின்றதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. கையில் பூண்டு உரித்த தட்டு இருந்தது.

"இவளைப் பெற்றபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்றார். "இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை."

தட்டை வைத்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். 14-ஆம் நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.